முன் அனுபவம்

ஒப்பந்தம் பதினொரு பக்கம்.
மூன்று கையெழுத்து: கல்லூரி, கம்பெனி, நான்.
என் பெயருக்குப் பக்கத்தில்
ஒரு மீன்செதில் ஒட்டிக் காய்ந்திருந்ததை
திங்கள்சந்தை ஜெராக்ஸ் கடையில்
நகலில் கறுப்புப் பொட்டு விழுந்த பிறகுதான் கண்டேன்.
ஒன்பது நகல். ஒன்பது பொட்டு.
அப்படியே கொடுத்துவிட்டேன்.

போர்ச்சுகல்.
ஊர்ப் பெயரைத் துறைத்தலைவர்
ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக வாசித்தார்.
சாளையை டப்பாவில் அடைக்கும் ஆலை.
அதன் பரிசோதனைக் கூடத்தில் ஆறு மாதப் பயிற்சி.

"சாளையா?" என்றாள் அம்மா.
"சாளதான்."
"அதுக்கு எதுக்குட்டி ஏரோப்ளேனு?"

இரவு, குறும்பனையில் கரண்ட் போய் வந்த நேரத்தில்
ஒவ்வொரு வரியாக அவளுக்குத் தமிழில் சொன்னேன்.
வாரத்துக்கு முப்பத்தைந்து மணி நேரம்.
ராத்திரி வேலை கூடாது.
மூன்றுக்குத் துறை, ஏலம், ஐஸ், டெம்போ,
அழகியமண்டபம் சந்தை, மூன்றுக்கு வீடு என்று
விரல் மடக்கிக்கொண்டே வந்தவள்
நிமிர்ந்தாள்:
"எனக்குப் புதங்கெழம சாயங்காலத்தோட முடிஞ்சு போவுமே.
வியாழன் தொட்டு நீ என்ன செய்வ?"

நான்காம் பிரிவு:
பயிற்சியாளர் தொழிலாளியாகக் கருதப்படமாட்டார்.
"பின்ன யாராம்?" என்றார் அப்பா.
அதற்குப் பதில் பதினொரு பக்கத்திலும் இல்லை.

கருங்கல் ஏஜென்ட் வின்ஸ்லாஸ் வந்தார், கூலிங்கிளாஸோடு.
"இவ்வளவு பேப்பர் எதுக்கு?
விசிட்ல ஏறிப் போட்டும். பத்தே நாளு.
அங்க போய் மாத்திக்கிடலாம்."
அப்பா முதலாளியின் படகில் போனவர்.
முதலாளியின் பையில் பாஸ்போர்ட்டை விட்டவர்.
கோடு தாண்டியதாகச் சொல்லிப் பிடித்துப் போன கடலில்
கோட்டைக் கண்டதே இல்லை அவர்.
அறுபத்து மூன்று நாள்.
வின்ஸ்லாஸ் போன பிறகு கேட்டார்:
"பாஸ்போர்ட்ட ஆரு வச்சிருப்பா?"
"நான்."
கஞ்சி குடித்து, கை கழுவி, பாய் விரித்த பிறகு
மறுபடியும் கேட்டார்:
"ஆரு வச்சிருப்பா?"

விசாரணைக்குப் போலீஸ் பைக்கில் வந்தபோது
அம்மா கதவைச் சாத்திவிட்டாள்.
போன தடவை காக்கி வந்தது அப்பா காரியமாக.
இவர் இரண்டு சாட்சிக் கையெழுத்தும்
ஒரு கிலோ நெத்திலியும் கேட்டார்.
காசு கொடுத்தே வாங்கிப் போனார்.
தெரு அதை ஒரு வாரம் பேசியது.

சான்றிதழில் அப்போஸ்டில் குத்த வேண்டும் என்றேன்.
"எந்த அப்போஸ்தலரு? இராயப்பரா, சின்னப்பரா?"
விளக்க முயன்றேன்.
"இராயப்பருன்னா நல்லது, அவரு நம்ம தொழிலு"
என்று அவளே முடித்துவிட்டாள்.

கொச்சி விசா அலுவலகத்தில்
திரும்பி வருவேன் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள்.
கல்லூரிக் கடிதம், கடைசி செமஸ்டர் ஃபீஸ் ரசீது.
கணக்கில் ஓர் அரியர் இருப்பதைச் சொல்லவில்லை,
அதைவிட வலுவான ஆதாரம் என்னிடம் இல்லையென்றாலும்.

எல்லாம் முறைப்படி.
ஒரு தேதி பிசகவில்லை, ஒரு பொய் இல்லை,
ஒரே ஓர் இடம் தவிர.

கம்பெனிப் படிவம், இரண்டாம் பக்கம்:
இத்துறையில் முன் அனுபவம்.
பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.
ஏழு வயதில் முதல் சாளையின் குடலை உருவினேன்.
பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு
மூன்று சோப்புப் போட்டும் மணந்த கையோடு போனேன்.
பெருவிரலால் வயிற்றை அழுத்தினால்
எத்தனை மணிக்குப் பிடித்ததென்று சொல்லிவிடுவேன்.
இதற்கு முத்திரை யார் குத்துவார்?
எந்த ஒப்பந்தத்தின் எத்தனையாவது பிரிவு?

எழுதினேன்.
தோளுக்குப் பின்னால் நின்று அம்மா கேட்டாள்:
"அதுல என்ன எழுதின?"

"ஒண்ணும் இல்ல."

"செரி, எழுதியாச்சுன்னா வா.
பாதிக் குட்ட சாள கெடக்கு."